மலாக்காவின் ரயில் எங்கே போனது?

தைப்பூசம் வருகிறது. புக்கிட் பெருவாங்கில் இருக்கும் ஒரு குடும்பம் பத்துமலைக்குப் போகத் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ள மனமில்லை. ரயிலிலேயே போய்விடலாம் என்று அப்பா சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் ரயில் ஏற வேண்டுமானால் முதலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிக்கொண்டு புலாவ் செபாங் போய்ச் சேர வேண்டும். மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், தம்பின் பட்டணத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது அந்த நிலையம்.

காரின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்கிறான். "சிரம்பான்ல டவுனுக்குள்ளேயே ரயில் நிக்குது. ஈப்போவிலேயும் நிக்குது. மலாக்கா டவுனுக்கு மட்டும் ஏம்ப்பா ரயில் வரல?"

பெரும்பாலான அப்பாக்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "அது பழைய ஊருடா, ரயில் போட இடமில்லை."

அந்தப் பதில் சரியல்ல. மலாக்கா டவுனுக்கு ரயில் வந்தது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஓடவும் செய்தது. பிறகு அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கி வேறு நாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அது போன அதே இடத்துக்குத்தான் நம் தோட்டத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாக்கா ரயிலின் கதையும் மலாயாத் தமிழனின் கதையும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இலங்கையிலிருந்து வந்த கைகள்

மலாயாவின் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி பேராக் மாநிலத்தில் ஓடியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை சுமார் 13 கிலோமீட்டர் தூரம். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். பயணிகள் எல்லாம் பிறகுதான்.

அந்தப் பாதையைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து 'பயனியர்' படைப் பிரிவுகள் இரண்டு வரவழைக்கப்பட்டன. அதன் பிறகு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கிளார்க்குகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைந்தார்கள். மண்வெட்டி பிடித்தவனும் தமிழன், பச்சைக் கொடி காட்டியவனும் தமிழன் என்ற நிலை ரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது. செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழர் குடியிருப்புகள் வேர்விட்டதற்கு ரயில்வே வேலை ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டே, 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பாதை வந்தது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஆரம்ப காலப் பாதைகள் எல்லாமே உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிப் போனவை என்பதைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குச் சரக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

1901-இல் கூட்டு மலாய் மாநில ரயில்வே என்ற ஒரே நிர்வாகம் அமைந்தது. துண்டு துண்டாகக் கிடந்த பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. 1903-இல் வடக்கே பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை இணைந்தது. 1909-இல் அது ஜோகூர் பாரு வரை போய்ச் சேர்ந்தது.

இருபத்தொரு மைல் பாதை

இந்த வளர்ச்சிக்கு நடுவில்தான் மலாக்காவுக்கும் ரயில் வந்தது. 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா டவுன் வரை ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 21 மைல், அதாவது 34 கிலோமீட்டர்.

மலாக்காவில் ஈயச் சுரங்கம் பெரிதாக இல்லை. பிறகு எதற்கு ரயில்? மலாக்காவிடம் இருந்தது துறைமுகமும் மண்ணும். துறைமுகம் சிங்கப்பூரிடமும் பினாங்கிடமும் தோற்றுப்போய் நெடுநாள் ஆகியிருந்தது. ஆனால் அந்த மண்ணில் ஒரு புதிய மரம் முளைத்திருந்தது. 1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்டதற்கு அதுவே தொடக்கம். மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்கள்தாம் நம் தாத்தா பாட்டிகள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள். கங்காணி காட்டிய வழியில் வந்தவர்கள். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரை இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமில் நாட்களைக் கழித்து, அதன் பிறகு தோட்டத்துக்குப் பிரிந்து போனவர்கள். அவர்களில் ஏராளமானோருக்கு இந்த நாட்டில் முதல் அனுபவமே ரயில் பயணம்தான். சன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக நின்ற ரப்பர் மரங்கள்தாம் அவர்கள் கண்ட மலாயா.

மூன்று வகுப்பு, மூன்று உலகம்

அன்றைய ரயில் பெட்டி எப்படி இருந்தது? இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டிய உடல். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மூன்று பிரிவுகள். முதல் வகுப்பில் துரைமார்களுக்கு மெத்தை இருக்கை. இரண்டாம் வகுப்பில் வசதி படைத்த வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும். மூன்றாம் வகுப்பில் மரப் பலகை. தோட்டத்து ஆட்கள் ஏறியது அதில்தான்.

குளிர்சாதனம் என்ற பேச்சே கிடையாது. சன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே கரித்தூளும் வரும். 1915-லிருந்து சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி கிடைக்கத் தொடங்கியது. ரயில்வேதான் அதன் பெரிய வாடிக்கையாளர். ஆகவே வெள்ளை வேட்டியோடு ஏறியவர் வெள்ளை வேட்டியோடு இறங்கியது அபூர்வம்.

பெட்டிகளும் என்ஜின்களும் பழுது பார்க்கப்பட்ட பெரிய தொழிற்கூடம் செந்தூலில் இருந்தது. தச்சர், கொல்லர், ஃபிட்டர், பெயின்டர் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். கப்பலில் வந்த இரும்புக்குக் கால் பூட்டி ஓட விட்ட இடம் என்று செந்தூலைச் சொன்னால் அது மிகையாகாது.

மலாக்கா கிளைப்பாதையில் ஓடியது பெரிய எக்ஸ்பிரஸ் அல்ல. தம்பினில் பெரிய பாதை ரயிலைப் பிடிப்பதற்கு உதவிய சின்ன ரயில். ஆனால் ஒரு கிளைப்பாதை என்ன செய்யும் என்பதை அது இல்லாத ஊர்க்காரர்கள்தாம் அறிவார்கள். மலாக்கா டவுனில் ஏறியவர் தம்பினில் மாறிக் கோலாலம்பூர் போகலாம், பிறை வரை போய் படகேறிப் பினாங்கு போகலாம். 1923-இல் ஜோகூர் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு சிங்கப்பூர் வரைக்கும் தண்டவாளத்திலேயே போகலாம். அந்த 21 மைல் மலாக்காவை மலாயா முழுவதோடும் கட்டிப் போட்டிருந்தது.

ஒரு மீட்டர் செய்த வேலை

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. பத்து வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்னது அதற்குப் பிந்திய மூன்றரை ஆண்டுகளைத்தான்.

ஜப்பானியர்களின் அடுத்த குறி பர்மா. அங்கே இருந்த படைக்கு ஆயுதமும் அரிசியும் அனுப்ப வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு ரங்கூன் போகும் கடல்வழி நீண்டது. நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயமும் அங்கு இருந்தது. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையையும் காட்டையும் வெட்டிக்கொண்டு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவது என்று முடிவு செய்தார்கள். 1942-இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது.

415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் வேண்டும். போர்க் காலத்தில் ஜப்பானிலிருந்து அவ்வளவு இரும்பைக் கப்பலில் கொண்டுவர முடியுமா? பக்கத்தில் கிடைப்பதைப் பிடுங்குவதே சுலபம். இங்கேதான் ஒரு சின்ன விவரம் பெரிய வேலை செய்தது.

மலாயாவில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். சயாமிலும் அதே ஒரு மீட்டர். பர்மாவிலும் ஒரு மீட்டர். ஆக, மலாயாவின் என்ஜினும் பெட்டியும் சக்கரத்தைக் கூட மாற்றாமல் அந்தப் புதிய பாதையில் ஓடும். ஜப்பானிலிருந்து கொண்டுவந்த சி-56 வகை என்ஜின்களுக்குத்தான் சக்கர அகலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அண்டை நாடுகளோடு பொருந்திய அந்த அளவே நமக்கு எதிராகத் திரும்பியது.

மலாக்கா கிளைப்பாதை முழுவதும் பிடுங்கப்பட்டது. கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 1931-இல் கட்டி முடிக்கப்பட்ட கிழக்குக்கரைப் பாதையிலும் நெடுந்தூரம் தண்டவாளம் கழற்றப்பட்டது. எல்லாம் வடக்கே போயின. 1905-இல் வந்த ரயில், மலாக்கா டவுனை விட்டு அப்படித்தான் போனது.

பெரட்டுக் களத்திலிருந்து பான் போங் வரை

தண்டவாளம் மட்டும் போதுமா? அதைத் தூக்க ஆள் வேண்டுமே!

முதலில் போர்க் கைதிகளை அனுப்பினார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று சுமார் 60,000 பேர். அவர்கள் போதவில்லை. வேலையை விரைந்து முடிக்க வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை வந்தபோது, ஜப்பானியர்களின் கண் தோட்டங்களின் மேல் விழுந்தது.

அப்போது தோட்டங்களின் நிலை என்ன? ரப்பரை வாங்க ஆளில்லை. கப்பல் இல்லை. பால் வெட்டு நின்றுவிட்டது. துரை ஓடிவிட்டார் அல்லது சிறையில் இருந்தார். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே சோறானது. கையில் இருந்த வாழைமர நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் கரைந்தது. இப்படிப் பட்டினியில் கிடந்தவர்களிடம் வந்து, மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு உண்டு, வீட்டுக்கும் பணம் வரும் என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்?

ஆரம்பத்தில் சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவியதும் யாரும் போக மறுத்தார்கள். பிறகு ஆளெண்ணிக்கை சொல்லிக் கேட்டார்கள். இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் என்று கணக்கு வைத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் மாலையில் சரக்கு வண்டிக்குள் இருந்த கதைகளை நம் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவர்கள் போனது பயணிகள் பெட்டியில் அல்ல. அரிசி மூட்டை ஏற்றும் இரும்புச் சரக்கு வண்டியில். பகலில் அடுப்பாய்க் கொதிக்கும், இரவில் குளிரும். சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரக் கைதிகளை ஒரு வண்டிக்கு முப்பது பேர் என்று திணித்து அனுப்பினார்கள். சயாமில் உள்ள பான் போங் போய்ச் சேர நான்கைந்து நாட்கள் பிடித்தன. தோட்டத்து ஆட்களின் பயணமும் அதே தடத்தில், அதே வகை வண்டியில். தந்தையரை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த ரயில், பிள்ளைகளை வெளியே கொண்டு போனது.

பான் போங்கிலிருந்து முகாம்களுக்கு நடை. மழைக் காட்டில் மூங்கில் கொட்டகை. மண் வெட்டுவது, பாறை உடைப்பது, சிலிப்பர் கட்டை தூக்குவது. 1943-இல் பருவமழையோடு காலரா வந்தது. மலேரியாவும் ஆறாத புண்ணும் கூடச் சேர்ந்துகொண்டன. போர்க் கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேயே மடிந்தார்கள்.

1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் கொன்கொய்த்தா என்ற இடத்தில் சந்தித்தன. அதற்குள் 12,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள்.

இரும்புக்கு ஈடு கிடைத்தது

போர் முடிந்தது. அந்த மரண ரயில் பாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. 1946-இல் பிரிட்டன், சயாம் எல்லைக்குள் இருந்த பகுதியை அந்நாட்டு அரசுக்கே விற்றது. விலை 12.5 லட்சம் பவுன். அண்டை நாடுகளிலிருந்து ஜப்பானியர் பிடுங்கிக்கொண்டு போன ரயில்வேப் பொருள்களுக்கு ஈடு கொடுக்க அந்தப் பணம் பயன்பட்டது.

அதாவது, பிடுங்கிய இரும்புக்கு ஒரு விலை வைத்துக் கணக்குத் தீர்க்க வழி இருந்தது. அதைத் தூக்கிய தோள்களுக்கு?

1967-இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 2.5 கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி கிடைத்தது. அதில் இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. அது நாட்டுக்கு நாடு செய்துகொண்ட ஏற்பாடு. கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணின் கைக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கிறார்கள். பச்சைப் புல், வரிசையான கற்கள், பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும். பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் க்வாய் நதிப் பாலத்தை உலகுக்கே காட்டியது. அதில் தோட்டத் தமிழனின் கதை இல்லை. 1943 திறப்பு விழாவில் ஓடிய சி-56 என்ஜின் ஒன்று கூட இன்று தோக்கியோவில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. என்ஜினுக்குக் கிடைத்த இடம் அதன் பாதையைப் போட்டவர்களுக்குக் கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 2023-இல்தான் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக ஒரு நடுகல் எழுந்தது.

கிழக்கே வந்தது, மலாக்காவுக்கு வரவில்லை

போருக்குப் பின் ரயில்வேயின் நிலைமை பரிதாபமாக இருந்தது. பாலங்கள் உடைந்து கிடந்தன. செந்தூல் தொழிற்கூடம் 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. பெட்டிகள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன.

கிழக்குக்கரைப் பாதையை மெல்ல மெல்லத் திரும்பப் போட்டார்கள். 1954-இல் அது முழுமை பெற்றது. ஆனால் மலாக்காப் பாதை திரும்ப வரவே இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

பகாங், கிளந்தான் உள்நாட்டில் அன்று சாலை மிகக் குறைவு. ரயில் இல்லாவிட்டால் அந்த ஊர்களுக்கு வேறு வழியே இல்லை. மலாக்காவின் நிலை அப்படி இல்லை. தம்பினுக்கும் டவுனுக்கும் நடுவே நல்ல சாலை இருந்தது. பஸ்ஸும் லாரியும் பெருகிவிட்டன. 34 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் வாங்கிப் போடுவதைவிட அந்த வேலையை லாரியே பார்த்துக்கொள்ளும் என்ற நிலைமை உருவாகிவிட்டது. நல்ல சாலை இருந்ததே மலாக்கா ரயிலுக்குப் பகையாகிப் போனது.

அன்றிலிருந்து மலாக்கா மக்களுக்கு ரயில் என்றால் புலாவ் செபாங்தான். டவுனில் பஸ் ஏறி, மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி, ரயிலுக்குக் காத்திருப்பது இரண்டு தலைமுறையின் பழக்கமானது.

கரிவண்டி முதல் இ.டி.எஸ். வரை

புலாவ் செபாங் மேடையில் நின்று பார்த்தவர்களின் கண் முன்னால்தான் மலேசிய ரயிலின் பிற்கால வரலாறு முழுவதும் ஓடியது.

1957-ஐ ஒட்டி இங்கிலாந்திலிருந்து டீசல் என்ஜின்கள் வந்தன. 1970-களில் கரிவண்டியின் காலம் முடிந்தது. மரப் பெட்டிகள் போய் இரும்புப் பெட்டிகள் நிலைத்தன. இரவு ரயிலில் படுக்கை வசதியோடு சிங்கப்பூர் வரை போன நாட்களைப் பலர் இன்னும் மறக்கவில்லை. 1980-களின் இறுதியில் ஹங்கேரியிலிருந்து 'ரயில்பஸ்' வந்தது. பெயருக்கேற்றபடி பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றி விட்டது போன்ற சிறிய வண்டி அது.

1992-இல் ரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. 1995-இல் கொமுட்டர் மின்ரயில் தொடங்கியது. மலேசியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ரயில் சேவை அது. ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்கா, தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் மூன்று பெட்டிகள் கொண்ட வண்டிகள் வாங்கப்பட்டன. 2010-இல் பெண்களுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கப்பட்டது. 2012-இல் சீனாவிலிருந்து ஆறு பெட்டி வண்டிகள் வந்தன.

இதற்கிடையே சிரம்பானுக்கும் கிம்மாஸுக்கும் நடுவே ஒற்றைப் பாதையை மின்சார இரட்டைப் பாதையாக்கும் வேலை 2008-இல் தொடங்கியது. அதை எடுத்துச் செய்தது இந்திய அரசு நிறுவனமான இர்கான். நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பாதை 2013-இல் முடிந்தது. புலாவ் செபாங்கில் புதிய நிலையம் எழுந்தது. ஒரு காலத்தில் மண்வெட்டியோடு கூலியாய் வந்த அதே மண்ணிலிருந்து, இந்த முறை வரைபடத்தோடு பொறியாளர்கள் வந்தார்கள். காலம் செய்யும் கோலம் இது.

2015 அக்டோபரில் கொமுட்டர் ரயில் புலாவ் செபாங் வரை நீண்டது. அதே சமயத்தில் இ.டி.எஸ். விரைவு ரயிலும் கிம்மாஸ் வரை வந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம், குளிர்சாதனம், எண்ணிட்ட இருக்கை. 2025-இல் அது மேலும் தெற்கே சிகாமட், குளுவாங் என்று நீண்டது. கொமுட்டரில் புலாவ் செபாங்கில் ஏறினால் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கலாம். 1905-இன் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்தவர்கள் இதைக் கண்டால் நம்பமாட்டார்கள்.

ஆயர் குரோவில் நிற்காத ரயில்

மலாக்கா டவுனுக்கு அருகில் ரயில் திரும்ப வரும் என்ற நம்பிக்கை ஒருமுறை பலமாகத் துளிர்த்தது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 350 கிலோமீட்டர் தூரத்தைத் தொண்ணூறு நிமிடத்தில் கடக்கும் அதிவேக ரயில் திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மலாக்காவுக்கான நிலையம் ஆயர் குரோவில் என்று குறிக்கப்பட்டது. புக்கிட் பெருவாங்கிலிருந்து கூப்பிடு தூரம்!

ஆனால் 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அந்த ஒப்பந்தம் காலாவதியானது. மலேசியா சிங்கப்பூருக்கு 32 கோடி ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. 2023-இல் தனியார் நிறுவனங்களிடம் புதிய யோசனைகள் கேட்கப்பட்டன. இதுவரை தண்டவாளம் எதுவும் போடப்படவில்லை.

முதல் ரயில் போரில் போனது. இரண்டாவது ரயில் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்

மீண்டும் காரின் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் வருவோம். மலாக்கா டவுனுக்கு ஏன் ரயில் இல்லை என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது?

"இருந்துச்சுப்பா. ஜப்பான்காரன் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டான். அதைக் கொண்டு போய்ச் சயாம் காட்டுல போட்டவங்க நம்ம ஆளுங்க. போனவங்கள்ல பாதிக்கு மேல திரும்பி வரலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க." இப்படிச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். 1943-இல் பதினைந்து வயதில் அந்தக் காட்டுக்குப் போய் உயிரோடு திரும்பியவருக்கு இன்று நூறை நெருங்கும் வயது. அவர்களில் எஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய பிள்ளைகளே முதுமையை எட்டிவிட்டார்கள். "எங்க பெரியப்பா சயாமுக்குப் போனாரு, வரலை" என்ற ஒரு வரி எத்தனையோ வீடுகளில் இன்னும் பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாரோடு போனார், யார் திரும்பி வந்து செய்தி சொன்னது? வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வதற்கு அரை மணி நேரம் போதும். கைப்பேசியில் அவர் குரலையே பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. போர்க் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்ததால்தான் கல்லில் பெயர் பொறித்தார்கள். நம் ஆட்களுக்குப் பட்டியல் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

தைப்பூசத்துக்குப் போகும்போது புலாவ் செபாங் மேடையில் ரயில் வரப் பத்து நிமிடமாவது காத்திருக்க நேரும். அந்தப் பத்து நிமிடம் போதும் இந்தக் கதையைப் பிள்ளையிடம் தொடங்க. மீதியைப் பத்துமலை போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.